இருபத்துமூன்றாம் முளை

"இந்தக் காத்தை என்னதானுங்க பண்றது, டீச்சர்?" என்று கேட்டார் நஞ்சப்பன்.

ஜெயசீலி டீச்சர் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எந்தக் காத்துங்கண்ணா?"

நஞ்சப்பன் சுற்றிலும் பார்த்தார். மைதானத்தின் ஓரத்துத் தைல மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

"இன்னைக்கு இல்லீங்க. ஆனா வருமே."

"வந்ததும் வாங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த கோட்டைத் தொடங்கினார்.

நஞ்சப்பனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஐம்பத்து நாலு வயது மனிதர், தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய பெண்ணிடம் கேட்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு கால் சற்றே குட்டையானதால் சாய்ந்து சாய்ந்து, மைதானம் முழுக்க நடந்து வந்திருந்தார். அதே போலத் திரும்பி நடந்தார்.

ஆனால் வேறு யாரிடமும் கேட்க முடியாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

குதிரைமந்து ஏரியில் ஆண்டுக்கு ஒரு தடவை, மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கெண்டைத் தூண்டில் போட்டி நடக்கும். கரையைச் சுற்றி முப்பது மரமுளைகள் அடித்து எண் எழுதியிருப்பார்கள். காலையில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த எண் வருகிறதோ அவர் அங்கேதான் உட்கார வேண்டும். எட்டு மணிக்கு ஒரு விசில், இரண்டு மணிக்கு ஒரு விசில். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, எடை போட்டு, திரும்ப ஏரியில் விட்டுவிடுவார்கள்.

மார்கழியில் மலைமேல் இரண்டு காரியம் நடக்கும். தண்ணீர் ஜில்லிட்டுப்போய்க் கெண்டைகள் அடியில் சோம்பிக் கிடக்கும். அதோடு கார்த்திகையில் கிழக்கிலிருந்து புறப்பட்ட காற்று உச்சத்துக்கு வரும்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து நான்கு வருடம் வெறும் வலைப்பையோடு எழுந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இடத்துக்காக வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

நஞ்சப்பன் மூன்று வருடம் வெறும் பையோடு எழுந்திருந்தார்.

முதல் வருடம் காற்று அவருடைய தூண்டில் நரம்பைப் பக்கத்து ஆளின் நரம்போடு பின்னிவிட்டது. இரண்டாம் வருடம் இன்னும் நீளமான கோலும் பெரிய ரீலும் வாங்கிக்கொண்டு வந்தார். வீசியதெல்லாம் வளைந்து அவர் பக்கமே வந்து விழுந்தது. மூன்றாம் வருடம் ஈயத்தைக் கூட்டிக் கட்டினார். அது போய் அடிச்சேற்றில் புதைந்துகொண்டது. அன்றைக்கு அவர் எழுந்து நின்று காற்றைப் பார்த்துத் திட்டிய திட்டு எதிர்க்கரைவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

காற்றின்மேல் அவருக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. மின்சார ஆபீசில் இருபத்தாறு வருடம் லைன்மேனாக இருந்தவர். நாலு வருடத்துக்கு முன் ஒரு பெருங்காற்று நாளில் கம்பத்திலிருந்து விழுந்தார். இடது கால் ஒன்றரை அங்குலம் குறைந்தது. அதற்குப் பிறகு ஆபீசில் போன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தெருவில் கரண்ட் இல்லை என்று எழுதிக்கொள்ளும் வேலை. வெட்டவெளியில் கைக்கு ஒரு வேலை என்று அவருக்கு மிஞ்சியது இந்த ஏரி ஒன்றுதான்.

காத்து தள்ளிவிட்டுடுச்சு என்றுதான் காலைப் பற்றிக் கேட்பவர்களிடம் சொல்வார்.

ஜெயசீலி டீச்சர் ஏழு வருடமாகப் போட்டிக்கு வருகிறவர். மூன்று தடவை முதலிடம். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட வெறும் பையோடு எழுந்ததில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் காற்று வந்தது.

நஞ்சப்பன் இரண்டு கோல், ஒரு பெரிய குடை, இரை டப்பாக்கள் எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு ஏரிக்கு வந்தார். டீச்சர் அணைக்கரையில் நின்றிருந்தார். கையில் ஓர் ஆரஞ்சுப் பழமும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலும்.

எல்லாவற்றையும் வண்டியிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்.

"அப்புறம் எதுக்குங்க வந்தது?"

டீச்சர் பழத்தை உரித்தார். தோலைக் கிள்ளிக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. தோல் துண்டுகள் அலையில் ஏறி இறங்கி அவர்கள் நின்ற கரையிலேயே வந்து ஒட்டின.

பிறகு பாட்டிலில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் நிரப்பி, மூடி, கழுத்தில் நூல் கட்டி, எட்டின மட்டும் எறிந்தார். அது முழுகியது. நூலை நஞ்சப்பன் கையில் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நூல் அவர் கையிலிருந்து மெல்ல நகர ஆரம்பித்தது. கரைக்கு இல்லை. ஏரி நடுவுக்கு. காற்று வந்த திசைக்கே.

நஞ்சப்பன் நூலையும் பார்த்தார், தோலையும் பார்த்தார்.

"மேல ஒரு பக்கம் போகுது. அடியில வேற பக்கம் போகுதுங்க."

டீச்சர் சுளைகளைத் தின்றுகொண்டிருந்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறு கோலைக் கொண்டுவர அனுமதி கிடைத்தது. நஞ்சப்பன் உடம்பை வளைத்து, பலங்கொண்ட மட்டும் வீசினார். காற்று நரம்பைத் தூக்கி வில்லாக வளைத்தது. மிதவைத் தக்கை கண்ட இடத்தில் போய் விழுந்தது.

டீச்சர் கோலை வாங்கினார். ரீலிலிருந்து நரம்பை உருவிக்கொண்டே இருபது அடி தூரம் நடந்தார். அங்கேயே நின்று அவருடைய பையில் என்ன டேப் இருக்கிறது என்று கேட்டார். லைன்மேன் பையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் இல்லாமல் இருக்குமா. அதை வாங்கி, ரீலில் மிச்சம் இருந்த நரம்பின்மேல் இறுக்கி மூன்று சுற்று சுற்றினார். அதற்குமேல் ஓர் அங்குலம்கூட வெளியே வராது.

"மீனெல்லாம் நடு ஏரியில இருக்குதுங்க, டீச்சர்."

"நீங்க கரையிலதானே இருக்கீங்க."

நஞ்சப்பன் மறுபடி வீசினார். பக்கத்திலேயே விழுந்தது. நரம்பு அப்போதும் காற்றில் வீங்கியது. டீச்சர் வந்து கோலின் நுனியைப் பிடித்து, ஒரு முழம் தண்ணீருக்குள் அமுக்கினார். நரம்பு முழுகியது. வீக்கம் வடிந்தது. தக்கை இருந்த இடத்திலேயே நின்று ஆடியது.

"கோல் நனையுதுங்க," என்றார் நஞ்சப்பன்.

இரை போடுவதைப் பற்றியும் ஒரு நாள் பேச்சு வந்தது. பேச்சு என்று சொல்லக் கூடாது. நஞ்சப்பன் தவிடும் பிண்ணாக்கும் பிசைந்து உருண்டை உருண்டையாக எறிந்துகொண்டிருந்தார். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதல் வாரம் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்தார். கஞ்சி என்றார் நஞ்சப்பன். எவ்வளவு என்று கேட்டார் டீச்சர். அரை டம்ளர்கூட இறங்கலை என்றார் நஞ்சப்பன்.

சொல்லிவிட்டு, கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டார். மிச்சத்தை டப்பாவில் வைத்து மூடினார்.

இப்படியாக ஆறு ஞாயிறு போயிற்று. நரம்பு சிக்கவில்லை. ஈயம் புதையவில்லை. நஞ்சப்பன் காற்றைத் திட்டுவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

மீனும் வரவில்லை.

டீச்சருக்கு வந்தது. பக்கத்திலேயே, அதே காற்றில், அதே மண்புழுவில், ஒரு காலைக்கு இரண்டு, சில நாள் மூன்று. தக்கை அலையில் குதித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று டீச்சர் கோலைத் தூக்குவார். மீன் இருக்கும். தூக்கிய நொடிக்கும் அதற்கு முந்தின நொடிக்கும் தக்கையில் என்ன வித்தியாசம் என்று நஞ்சப்பனுக்குக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

போட்டிக்கு முந்தின ஞாயிறு அவர் கேட்டுவிட்டார்.

"தக்கையைக் காத்து ஆட்டுதா மீன் ஆட்டுதான்னு எப்படிங்க தெரியறது?"

டீச்சர் வழக்கம்போல எதையாவது எடுத்துக் காட்டுவார் என்று நஞ்சப்பன் காத்திருந்தார். டீச்சர் எதையும் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியுதுங்கண்ணா," என்றார் கடைசியில். "எப்படின்னு தெரியலை."

"அப்ப நான் என்ன பண்றது?"

"பாத்துட்டே இருங்க."

போட்டி நாளன்று புல்லெல்லாம் உறைபனி. மிதித்தால் நொறுங்கியது. ஆறு மணிக்கே காற்று தொடங்கிவிட்டது. வெயில் ஏற ஏற அது குறையும் என்று சிலர் சொன்னார்கள். கூடிக்கொண்டே போனது.

சீட்டுக் குலுக்கினார்கள். எல்லோரும் வேண்டிக்கொண்டது கிழக்குச் சரிவை ஒட்டிய ஒன்று முதல் பத்து வரை. காற்றுக்குக் குன்று மறைப்பு. யாரும் விரும்பாதது அணைக்கரை. காற்று ஏரி முழுவதும் ஓடிவந்து மோதுகிற இடம்.

நஞ்சப்பன் கையை விட்டு எடுத்தார். இருபத்துமூன்று. அணைக்கரையின் நட்டநடு.

எடை போடுகிற பொன்னுரங்கம் நல்ல மனிதர். சீட்டைப் பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணை எழுதிக்கொண்டார்.

டீச்சர் எடுத்தது இருபத்துநான்கு.

நஞ்சப்பனுக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டாயிற்று. உடனே அதற்காக வெட்கமும் வந்தது.

விசில் ஊதியது. இருவருக்கும் நடுவே பன்னிரண்டு காலடி தூரம்தான். விதிப்படி யாரும் தன் முளையை விட்டு நகரக் கூடாது.

கற்றது எதையும் நஞ்சப்பன் விடவில்லை. கிட்டே போட்டார். நுனியை அமுக்கினார். ஒரு சிட்டிகை இரை, அரை மணிக்கு ஒரு தடவை. சாய்ந்து உட்கார்ந்து, குட்டைக் காலை நீட்டிக்கொண்டு, தக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. அலைகள் நுரை கட்டிக்கொண்டு வந்து கரைக்கல்லில் வெடித்தன. யாருடைய குடையோ அணைக்கு அந்தப் பக்கம் பறந்து போனது. இருபத்தாறாம் முளைக்காரர் கோலை மடித்து எடுத்துக்கொண்டு, கும்பிடு ஒன்று போட்டுவிட்டுப் போய்விட்டார். கிழக்குச் சரிவில் யாருக்கோ ஒன்று கிடைத்ததாக ஒரு கூச்சல் கேட்டது, கேட்டு அறுந்தது.

நஞ்சப்பன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் முதுகு நிமிர்ந்து, கண் இமைக்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கோலும் ஒரு தடவைகூட எழவில்லை.

அவருக்கே இப்படி என்றால், என்று நினைத்துக்கொண்டார் நஞ்சப்பன். அதற்குமேல் அந்த நினைப்பை நீட்டவில்லை.

பதினொன்றரை மணிக்குமேல் அவருக்குத் தக்கையே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர்த் துளி. சட்டையால் துடைத்தார். சட்டையும் ஈரம். துடைக்கத் துடைக்கப் பூசிக்கொண்டது. கண்ணிலிருந்து காற்றுக்கு வழிகிற நீர் வேறு. இரண்டு தடவை தக்கை என்று நினைத்துக்கொண்டு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணி சுமாருக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பைக்குள் போட்டார்.

ஏரி சாம்பல் நிறத் துணி மாதிரி ஆயிற்று. அதில் தக்கையும் இல்லை, அலையும் இல்லை.

சரி, நாலு வருடம் முடிந்தது என்று தோன்றியது அவருக்கு. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இரண்டு மணி விசில்வரை உட்கார்ந்திருப்பது என்று மட்டும் முடிவு செய்தார். இருபத்தாறாம் முளைக்காரர் மாதிரிக் கும்பிடு போட அவருக்கு மனம் இல்லை.

கை விறைத்துப்போயிருந்தது. கோலைப் பிடித்த கையின் ஆள்காட்டி விரலில் நரம்பு உரசிக்கொண்டிருந்தது. வேறு வேலை இல்லாததால் அதைக் கட்டைவிரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நரம்பு இழுத்தது. விட்டது. நீளமாக இழுத்தது. மெதுவாக விட்டது.

காற்று.

அது அவருக்குத் தெரிந்த இழுப்பு. கம்பத்தின்மேல் இருக்கும்போது இடுப்பிலிருந்து ஒரு கயிறு கீழே தொங்கும். ஸ்பேனர், பீங்கான் குமிழ் எல்லாவற்றையும் கீழே இருப்பவன் அதில்தான் கட்டி அனுப்புவான். காற்று அடிக்கும் நாளில் கத்தினால் கேட்காது. சொல்ல வேண்டியதைக் கயிற்றை இழுத்துத்தான் சொல்வான். காற்றும் அதே கயிற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட நஞ்சப்பன் ஒன்றை மற்றொன்று என்று நினைத்ததில்லை. காற்று இழுத்துக்கொண்டே வரும். ஆள் இழுப்பது வெடுக்கென்று வந்து அங்கேயே முடிந்துவிடும்.

விழுந்த அன்றைக்கும் அப்படித்தான்.

அதை அவர் நாலு வருடமாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தார். அன்றைக்குக் கீழே நின்றவன் மூன்று தடவை இழுத்தான். இறங்கி வா என்று அர்த்தம். மூன்றும் அவர் இடுப்புக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு நட்டு பாக்கி இருந்தது. இதை முடித்துவிட்டு இறங்கலாம் என்று நினைத்தார்.

காத்து தள்ளிவிட்டுடுச்சு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர்தான் எல்லோரிடமும் சொன்னார்.

நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

நரம்பு இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது.

வெடுக்.

அவர் தூக்கவில்லை. கை தூக்கிவிட்டது. கோல் வளைந்தது, வளைந்தபடியே நின்றது, பிறகு மறுமுனை கனமாக அசைந்து பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தது.

ஐந்து நிமிடமா பத்து நிமிடமா அவருக்குத் தெரியாது. கடைசியில் கைவலைக்குள் ஒரு கெண்டை வந்து படுத்தது. பக்கவாட்டில் மட்டும் நாலைந்து பெரிய செதில், மற்றபடி மழமழவென்று தோல். குளிரில் அது அதிகம் துள்ளக்கூட இல்லை. அதை வலைப்பையில் விட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

டீச்சர் பார்த்திருந்தார். தலையை ஒரு தடவை அசைத்தார். திரும்பத் தன் தக்கையைப் பார்க்கப் போய்விட்டார்.

நஞ்சப்பனுக்குச் சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. எழுந்து போக முடியாது. கையை வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"விரல்ல தெரியுதுங்க டீச்சர், விரல்ல!"

காற்று அதை அணைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிற்று. டீச்சர் அவர் சந்தோஷத்தில் ஏதோ சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு, இன்னொரு தடவை தலையசைத்தார்.

நஞ்சப்பன் விரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்று என்று காட்டுவதாக டீச்சர் எடுத்துக்கொண்டார்.

ஒன்றேகாலுக்கு அவர் இரண்டாவது மீனைப் பிடித்தார். இரண்டு மணிக்கு விசில் ஊதியது.

முப்பது பேரில் ஏழு பேருக்குத்தான் மீன். நஞ்சப்பனுடைய இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ நூறு கிராம். மூன்றாமிடம். பொன்னுரங்கம் அவர் தோளில் தட்டினார். அணைக்கரையில் பிடிபட்டது இந்த இரண்டே இரண்டுதான். அதிர்ஷ்டம் என்றார் ஒருவர். காற்று அந்தப் பக்கம் மீனைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்றார் இன்னொருவர். நஞ்சப்பன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

மீன்களைத் தாழ்வான இடமாகப் பார்த்து இறக்கிவிட்டார். முதலாவது உடனே போயிற்று. மற்றது ஒரு கணம் அவர் கையிலேயே நின்றுவிட்டுப் போயிற்று.

இருபத்துநான்கு என்று கூப்பிட்டார் பொன்னுரங்கம்.

டீச்சர் வலைப்பையைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் சொட்டியது. பேனா தாளின்மேல் நின்றது.

"எழுதுங்க," என்றார் டீச்சர்.

பொன்னுரங்கம் பூஜ்யம் போட்டார். ஏழு வருடத்தில் அந்தப் பெயருக்கு எதிரே அவர் அதைப் போட்டதில்லை. எழுதியபிறகும் தாளைப் புரட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. நஞ்சப்பன் அணைக்கரைக்குத் திரும்பி வந்து சாமான்களைக் கட்டினார். காற்று நிற்கவில்லை. டீச்சர் தன் முளைக்குப் பக்கத்திலேயே நின்று, கோலை இன்னும் மடிக்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நஞ்சப்பன் கிட்டே போனார். இன்றைக்கு அடித்த காற்றில் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அவர் வாயிலிருந்தே அது வருவது அவருக்கே சங்கடமாக இருந்தது. நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கீங்கண்ணா?"

நஞ்சப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். எடுத்து மாட்டிக்கொள்ளவே மறந்திருந்தார்.

"பையில இருக்குதுங்க."

"எப்பக் கழட்டுனீங்க?"

"பன்னெண்டு மணி இருக்குங்க."

டீச்சர் கணக்குப் போட்டார். முதல் மீன் பன்னிரண்டே முக்காலுக்கு.

"அப்ப எதைப் பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கலீங்க, டீச்சர்."

டீச்சர் மெல்லக் கரைக்கல்லில் உட்கார்ந்தார். அலை வந்து அவர் ஷூவை நனைத்துவிட்டுப் போயிற்று. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நஞ்சப்பன் சொல்லிப் பார்த்தார். கயிறு என்று ஆரம்பித்தார். கம்பம், கீழே ஒரு ஆள் என்றார். காற்று இழுக்கிறதுக்கும் ஆள் இழுக்கிறதுக்கும் என்று தொடங்கி, எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று தெரியவில்லை.

கடைசியில் தன் ரீலிலிருந்து நரம்பை உருவினார். தக்கையையும் தூண்டில் முள்ளையும் வெட்டி எடுத்தார். நரம்பின் நுனியை டீச்சர் கையில், ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்துக்கொள்ளச் சொன்னார். தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கரையோரமாகவே சாய்ந்து சாய்ந்து ஐந்து எட்டு போனார். திரும்பி நின்றார்.

இருவருக்கும் நடுவே நரம்பு காற்றில் வளைந்து ஊளையிட்டது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்காதீங்க," என்றார் நஞ்சப்பன்.

டீச்சர் கண்ணை மூடினார்.

காற்று இழுத்தது. விட்டது. டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் அந்த முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெகுநேரம் ஆயிற்று.

"குடுங்கண்ணா," என்றார் டீச்சர்.

"ரெண்டு தடவை இழுத்துட்டனுங்க."

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. நரம்பை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார்.

"இன்னொரு தடவை," என்றார்.